பனிச்சரிவு: வாசகர் கேள்விகளும் ஒரு சுபேதாரின் பதில்களும்

போன இதழில் இமயமலைக்குப் பனிக்காலத்தில் போகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனிச்சரிவைப் பற்றியே கேட்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது எதற்கு என்று ஆசிரியர் குழுவில் ஒரு தம்பி சிரித்தார். பட்டாளத்தில் பிள்ளை இல்லாத ஊர் நம் பக்கம் குறைவு. இப்போது போதாக்குறைக்கு மலையேற்றம் என்றும், குடும்பச் சுற்றுலா என்றும், ரோடு வேலை என்றும் கிளம்புகிறார்கள். நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். காஷ்மீரிலும் லடாக்கிலும் பனியில் நடந்த கால்கள் இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் நடக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

*

அத்தனை நாள் அசையாமல் கிடந்த பனி திடீரென்று ஏன் சரிகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சினிமாவில் காட்டுவது போலக் கத்தினால் சரியுமா?
– அரூரிலிருந்து ஓர் ஆசிரியை

டீச்சர், மலைமேல் கிடக்கும் பனி ஒரே குவியல் இல்லை. இதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். டிசம்பரில் பெய்தது ஓர் அடுக்கு. வெயில் பட்டு மேல்புறம் இறுகியது ஓர் அடுக்கு. காற்று வேறெங்கிருந்தோ அள்ளிவந்து கொட்டியது இன்னோர் அடுக்கு. ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி அதன் சுவரைப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். குத்திப் பார்த்தால் ஓர் அடுக்கில் பென்சில்கூட இறங்காது. அடுத்ததில் முஷ்டியே உள்ளே போய்விடும்.

அந்த வலுவில்லாத அடுக்கு மேலே கிடந்தால் பெரிய தொந்தரவில்லை. அடியில் மாட்டிக்கொண்டால்தான் வம்பு. அது உருவாகும் விதம் இது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய சுழியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 20. நடுவில் இருப்பது இரண்டடிப் பனிதான் என்றால், அந்த இரண்டடிக்குள் இருபது டிகிரி வித்தியாசம். அடியிலிருந்து நீராவி கிளம்பி மேலே போகும். போகிற வழியில் துகள்களின் மேல் படிந்து உறையும். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த துகள்கள் இப்படியே பட்டை தீட்டிய மணிகளாக, ஒட்டாத மணிகளாக மாறிப்போகும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிவிடும், உருண்டை பிடிக்க வராது. இதன்மேல் ஒரு பெரும் பனி பெய்து, காற்றில் அடிபட்டு இறுகிவிட்டது என்று வையுங்கள். சாய்ந்த பாறைக் களத்தில் கேழ்வரகைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்து, அந்தப் பலகையில் ஓர் ஆள் ஏறி நின்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். பலகை மொத்தமாகக் கிளம்பும். காலடியில் விழும் விரிசல் கண்மூடித் திறப்பதற்குள் இருநூறு அடி, முந்நூறு அடி ஓடிவிடும்.

பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று பெரியவர்களே நினைக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். குளிர் அதே குளிர், பனி மெல்லிசு என்றால் அடிப்பனி இன்னும் சீக்கிரமாகக் கெடுகிறது. லடாக் போன்ற வறண்ட, கடுங்குளிர்ப் பகுதிகளில் இந்தத் தொல்லை குளிர்காலம் முழுக்கக்கூட நீடிக்கும்.

கத்தினால் சரியாது. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குக் கொஞ்சமும் போதாது. வெடி வைத்துச் சரிக்கலாம், பீரங்கி சுட்டுச் சரிக்கலாம். ரோட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றே அப்படிச் செய்கிற நாடுகள் உண்டு. மற்றபடி பனிப்பலகையைப் பல நேரம் முறிப்பது அதன்மேல் நடப்பவரின் எடை. விளையாட்டுக்காகப் பனிமலைக்குப் போனவர்கள் மாட்டிய விபத்துகளை ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ கூட வந்தவரோதான் என்கிறார்கள். வானத்திலிருந்து வந்து விழும் விதி என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது.

*

நாங்கள் ஐந்து நண்பர்கள். ஜனவரியில் உத்தராகண்டில் கேதார்காந்தா மலையேற்றம் போகிறோம். அம்மா விட மாட்டேன் என்கிறார். பனிச்சரிவு வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் சார்.
– தருமபுரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

தம்பி, ஒரே வார்த்தை வேண்டுமென்றால் ஜோசியரிடம் போங்கள். மலையில் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறேன். அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் சாய்வு. உயிர் பறிக்கும் பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. அதிலும் 38-ஐ ஒட்டிய சாய்வு மோசம். அதைவிட மிகச் செங்குத்தான இடத்தில் பனி சேரச் சேரத் தானே உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே வழுக்க வேகம் போதாது. வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய 30-லிருந்து 35 டிகிரி. ஏறுவதற்கு அழகாக, போட்டோவுக்கு அம்சமாக நமக்குப் படுகிற சரிவெல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் வரும். செல்போனில் சாய்வு காட்டும் செயலி உண்டு. இறக்கிவைத்து, தோப்பூர் கணவாய் ரோட்டிலோ ராயக்கோட்டை மலையிலோ பழகிப் பாருங்கள். கணவாய் ரோடு எத்தனை டிகிரி என்று பார்த்தால் சிரிப்பு வரும், அத்தனை குறைவு. லாரி உருள்வதற்கு அதுவே போதுமாக இருக்கிறது என்பது வேறு கதை.

நீங்கள் நிற்கும் இடம் சமமாக இருந்தால் மட்டும் போதாது. தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். மேலே கிளம்பியது கீழே தட்டையான இடத்திலும் வெகுதூரம் ஓடும். வடக்கே நாலா என்று சொல்கிற ஓடைப்பள்ளங்கள் இன்னும் மோசம். சின்னச் சரிவு வந்தாலும் பனி அங்கேதான் போய்க் குவியும். திறந்தவெளியில் இடுப்பளவு மூடுவது பள்ளத்தில் பத்தடி மூடும்.

அடுத்தது காற்று. மலைமுகட்டின் ஒரு பக்கத்துப் பனியைக் காற்று அள்ளி மறுபக்கம் கொட்டும். வானம் கொட்டுவதைவிடப் பல மடங்கு வேகமாகக் கொட்டும். ஆகவே ஊரில் அரையடிதான் பெய்தது என்பதை வைத்து முகட்டின் மறைவுப் பக்கத்தை எடைபோடாதீர்கள். பெரும்பனி நின்ற பிறகு முதல் 24 மணி நேரம் எங்கேயும் அவசரப்பட்டு ஏறக்கூடாது. 48 என்றால் இன்னும் நல்லது. கஷ்டம் என்னவென்றால், பனி நின்ற மறுநாள்தான் வானம் நீலமாக இருக்கும், எல்லாருக்கும் கால் பரபரக்கும்.

கேதார்காந்தா சுமார் 12,500 அடி. சாங்க்ரியிலிருந்து போகும் வழியில் நிறைய தூரம் காடு. அடர்ந்த காட்டில் பனிப்பலகை பெரிதாகக் கிளம்புவதில்லை, அது ஓர் அனுகூலம். மரங்கள் முடிந்து உச்சிச் சரிவு தொடங்கும் இடத்தில் மேலே சொன்னதெல்லாம் வந்துவிடும். நடக்கும்போது காலடியில் பனி 'வூம்ஃப்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ, எதிர்ச்சரிவில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ விவாதம் பண்ண வேண்டாம். வந்த வழியே திரும்புங்கள்.

பணம் கட்டும் முன் அந்த மலையேற்ற நிறுவனத்தில் கேளுங்கள்: சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறீர்களா? எத்தனையாவது நிலை என்றால் பயணத்தை நிறுத்துவீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்து வரை நிலைகள் உண்டு. மூன்றாவதை நடுத்தரம் என்று எண்ணி அலட்சியப்படுத்தி ஏமாந்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நிறையச் சாவுகள் அந்த மூன்றில்தான் நடக்கின்றன. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று. திரும்பும் ரயிலுக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்து டிக்கெட் எடுங்கள். பெங்களூரு ரயிலைப் பிடிக்க வேண்டும், கட்டிய காசு போகிறது, ஐந்து பேரில் நாம் மட்டும் பயந்தாங்கொள்ளி ஆகக்கூடாது – இந்த மூன்றும் சேர்ந்தால் நல்ல மூளையும் வேலை செய்யாது. 2022 அக்டோபர் 4-ஆம் தேதி உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் பயிற்சிக் குழு 'திரௌபதி கா டண்டா 2' சிகரத்தில் சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பயிற்சி கொடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். மாதத்தையும் கவனியுங்கள்: அக்டோபர்.

*

சரிவு வந்தால் ஓடித் தப்பிக்க முடியுமா?
– பென்னாகரம் வாசகர்

முடியாது. வேகம் பிடித்த பனிச்சரிவு மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் நகர்ந்து தப்பலாம், அவ்வளவுதான். கையிலிருக்கும் தடிகளை விடுங்கள், சத்தம் போட்டு உடன் வருபவரை எச்சரியுங்கள், மேலேயே இருக்கப் போராடுங்கள். வேகம் குறைவது தெரிந்த நொடியில் ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். பனி நின்ற பிறகு விரலைக்கூட அசைக்க வராது. ஓடும்போது மாவாக இருந்தது நின்றதும் இறுகிவிடும்.

அதற்கப்புறம் எல்லாம் மேலே நிற்பவர்கள் கையில். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். பெரும்பாலானவர்கள் குளிரில் சாவதில்லை, மூச்சு முட்டிச் சாகிறார்கள். ஆகவே ஹெலிகாப்டர் வரும், ராணுவம் வரும் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் வந்து சேரும்போது, நிறைய சமயம், உடலைத்தான் எடுத்துக் கொடுப்போம்.

ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் டிரான்ஸீவர், பனியில் குத்தி ஆளைத் தேட மடக்கி நீட்டும் புரோப் கம்பி, உலோக மண்வாரி. டிரான்ஸீவர் உடம்போடு கட்டியிருக்க வேண்டும், பையில் அல்ல. செல்போனை அதிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளி வையுங்கள். தேடும்போது இன்னும் தள்ளி. ஆள் கடைசியாகத் தெரிந்த இடத்தை ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, அந்த இடத்துக்குக் கீழே இறங்கித் தேட வேண்டும். ஒருவர் மறந்து அனுப்பும் நிலையிலேயே விட்டால் எல்லாரும் அவரையே சுற்றி வருவார்கள். கம்பியில் தட்டுப்பட்டதும் நேர் மேலிருந்து தோண்டாதீர்கள். சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். பனியை வாரித் தள்ள இடம் கிடைக்கும், உள்ளே இருப்பவரின் மூச்சிடத்தை மிதித்து மூடவும் மாட்டீர்கள்.

*

காஷ்மீரில் குல்மார்க் போகிறேன். பனிச்சறுக்கு ஓரளவு பழகியிருக்கிறேன். கோண்டோலா என்கிற கம்பிவட வண்டியில் மேலே போய், கூட்டமில்லாத பக்கம் இறங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சாலைப் பொறியாளர்

கூட்டம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது, தம்பி. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 13,000 அடி உயரத்தில் இறக்கிவிடும். அங்கே ரோந்துக் குழு பார்த்து, தேவைப்பட்டால் வெடி வைத்துச் சரித்து, திறந்துவிடும் பகுதி ஒன்று. அந்த எல்லையைத் தாண்டினால் பெயர்ப்பலகைகூட இருக்காது, பொறுப்பு உங்களுடையது. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வத்தில் போலந்து நாட்டுச் சறுக்குவீரர்கள் இருவர் சரிவில் இறந்தார்கள். அடுத்த வருடம் அதே பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். நம்மைப் போல விடுமுறைக்கு இரண்டு நாள் பழகியவர்கள் இல்லை அவர்கள்.

முன்னால் யாரோ சறுக்கிப் போன தடம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். பலகை ஐந்தாவது ஆளுக்கும் முறியும், பத்தாவது ஆளுக்கும் முறியும். அடிப்பனி மெலிந்த இடத்தில், பாறை தலைகாட்டும் ஓரத்தில் யார் மிதிக்கிறாரோ அவருக்கு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், மேலே சொன்ன மூன்று சாமான் இல்லாமல் எல்லை தாண்ட வேண்டாம். காற்றுப்பை வைத்த முதுகுப்பையை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல சாமான்தான், இழுத்தால் ஊதிக்கொண்டு ஆளை மேற்பரப்பில் வைக்கப் பார்க்கும். பாறையில் மோதுவதையோ பள்ளத்தில் விழுவதையோ அது தடுக்காது. அது முதுகில் இருக்கிறது என்ற தைரியத்தில் போகக்கூடாத சரிவுக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

*

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு சிக்கிம் போகிறோம். நாதுலா கணவாயில் பனி பார்க்க ஆசை. வண்டியிலேயே போவதால் பயமில்லைதானே?
– ஓசூர் வாசகி

நல்லபடியாகப் போய் வாருங்கள். ஒன்றே ஒன்று. 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, நண்பகல் நேரம், காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ரோட்டில் பதினைந்தாவது மைல் அருகே சரிவு இறங்கி ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அன்று பாஸ் கொடுத்திருந்தது பதின்மூன்றாவது மைல் வரைதான். பனியில் விளையாட இன்னும் கொஞ்ச தூரம் என்று போயிருக்கிறார்கள். டிரைவரிடம் "அண்ணே, இன்னும் கொஞ்சம் மேலே விடுங்க" என்று நம் ஆட்கள் கெஞ்சுவதை நானே பார்த்திருக்கிறேன். கெஞ்சாதீர்கள். சரிவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திக் குழந்தைகளை இறக்கவும் வேண்டாம்.

*

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது வடக்கே பனிப் பகுதியில் போஸ்டிங். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். டிவியில் பனிச்சரிவு என்று கீழே ஓடினாலே வயிறு கலங்குகிறது. நாங்கள் என்ன செய்வது?
– சூளகிரியிலிருந்து ஒரு தாய்

தங்கச்சி, இடம் சொல்லாதது சரிதான், சொல்லக்கூடாது. அதை வைத்து எதையும் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. சியாச்சினில் 2003 நவம்பரிலிருந்து சண்டை நிறுத்தம். 1984-இல் சண்டை தொடங்கிய காலத்திலிருந்து பார்த்தாலும் அங்கே எதிரியின் குண்டைவிட உயரமும் குளிரும் பனியும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி 19,600 அடியில் சோனம் போஸ்டின் மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. 19 மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் உள்ளே. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளியின் சிப்பாய் ராமமூர்த்தி அவர்களில் ஒருவர். ஆறாம் நாள், பனிக்கு அடியில் கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். மடங்கிய கூடாரத்துக்குள் கொஞ்சம் காற்று இருந்திருக்கிறது. பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் போய்விட்டார். முன்பு நான் சொன்னேனே, நடப்பவன் எடையில் முறியும் பலகை என்று. இது அந்த வகை இல்லை. இருந்த இடத்தின் மேல் மலையே வந்து விழுந்தது. யார் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் தப்பியிருக்க முடியாத சிலவும் உண்டு.

ஆனால் மிச்சத்தில் நிறையவற்றைத் தடுக்க முடிகிறது. பட்டாளத்தில் பனியில் நகர்வது சும்மா கிளம்பிப் போவதல்ல. முன்பு மணாலியில் 1969-இல் தொடங்கிய 'சாசே' என்ற ஆராய்ச்சி நிலையம்தான் 2020-இல் வேறொன்றோடு இணைந்து டி.ஜி.ஆர்.இ. ஆனது. அது கொடுக்கும் எச்சரிக்கையைப் பார்த்துத்தான் நகர்வுக்கு அனுமதி. வெயில் ஏறுமுன் ஆபத்தான சரிவைக் கடக்க வேண்டும். கடக்கும்போது ஒருவர் மட்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். தேடுகருவி கழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஆட்கள் நாங்கள் சிவப்புக் கயிறு கட்டி நடப்போம். ஆள் மூடினாலும் கயிறு மேலே தெரியட்டும் என்று.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொங்கலுக்கு வந்துவிடு, மாரியம்மன் திருவிழாவுக்கு வந்துவிடு என்று தேதி வைத்து அவசரப்படுத்தாதீர்கள். லீவுக்காரர்கள் கணவாய் திறக்கக் காத்து டிரான்ஸிட் கேம்ப்பில் நாள்கணக்கில் கிடப்பார்கள். வீட்டிலிருந்து போன் வந்து வந்து, "இன்னிக்காவது விடுங்க சாப்" என்று கேட்காத பையன் இல்லை. முடிவெடுக்கும் அதிகாரிக்கும் அது ஒரு பாரம். "எப்போ வழி திறக்குதோ அப்போ வா, கிடா வெட்டைத் தள்ளி வைச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். போன் வராத நாட்களில், லைன் இல்லை என்றுதான் முதலில் நினையுங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

*

நான் கிரானைட் குவாரியில் டிரில்லிங் வேலை பார்த்தவன். உத்தராகண்டில் எல்லை ரோடு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் இங்கே கிடைப்பதைவிட நல்லது. பனி மலை என்கிறார்கள். போகலாமா அண்ணா?
– பர்கூரிலிருந்து ஒரு தொழிலாளி

வந்த கடிதங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது உங்களுடையதுதான் தம்பி. மலையேறப் போகிறவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடலாம். வேலைக்குப் போகிறவர் கேம்ப் எங்கே போட்டிருக்கிறதோ அங்கேதான் தூங்க வேண்டும்.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியற்காலை, பத்ரிநாத்துக்கு மேலே மாணா கிராமத்தின் பக்கம், எல்லைச் சாலைகள் அமைப்பின் பணித்தளத்தில் 54 தொழிலாளிகள் தங்கியிருந்த கேம்ப்பைச் சரிவு மூடியது. 46 பேரை உயிரோடு எடுத்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். இரும்புக் கண்டெய்னரில் தூங்கியதால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இருந்தது, நசுங்கவில்லை. கூடாரமாக இருந்தால் கணக்கே வேறு. மாணா ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் 2021 ஏப்ரலில், அதே சமோலி மாவட்டம் சும்னாவில் ரோடு வேலைக் கேம்ப்பின் மேல் சரிவு வந்தது. ஏப்ரல் என்றால் நமக்கு இங்கே மாங்காய்ப் பருவம். அங்கே அது பனி நனைந்து கனக்கும் காலம். பகல் வெயில் ஏறியதும், அல்லது பனிமேல் மழை பெய்ததும் ஈரப்பனி இறங்கும். மெதுவாகத்தான் வரும், ஆனால் வழியில் உள்ளதை வழித்துக்கொண்டு வரும்.

போவதாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். எந்த மாதங்கள்? தங்குவது ஊருக்குள்ளா, தளத்திலா? கூடாரமா, கண்டெய்னரா, கட்டடமா? பெரும்பனி பெய்யும் என்று எச்சரிக்கை வந்தால் கீழே இறக்கிவிடுவார்களா, இறங்கின நாளுக்குக் கூலி உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் யாரும் உங்களை இறக்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததும் மேலே நிமிர்ந்து பாருங்கள். காட்டின் நடுவே மரமே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை தெரிந்தால் அது சரிவு இறங்கும் பாதை. அங்கே இளங்கன்றுகள் மட்டும் இருந்தாலோ, மரங்களில் மேட்டுப்பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தாலோ, அடிமரம் பள்ளத்தைப் பார்த்து வளைந்திருந்தாலோ அதே பொருள்தான். அந்தப் பட்டை வந்து முடியும் இடம் தட்டையாக, விசாலமாக, தண்ணீர் பக்கத்தில் இருக்கும். கான்ட்ராக்டருக்குக் கேம்ப் போட அதைவிட வசதியான இடம் கிடையாது. வழக்கமாக அங்கேதான் போடுவார்கள். சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் உள்ளூர்க் கிழவர் யாராவது இருந்தால் இந்தி தெரியாவிட்டாலும் கையைக் காட்டிக் கேளுங்கள். எந்த நாலாவில் எந்த வருடம் எதுவரை வந்தது என்று அவருக்குத் தெரியும். பாறைக்கு வெடி வைக்கும் வேலை என்றால், மேலே பனி கனத்துக் கிடக்கும் நாளில் வெடிக்க மாட்டேன் என்று நில்லுங்கள். குவாரியில் மேல்பாறை பார்க்காமல் அடிப்பாறையில் துளை போடுவீர்களா?

*

பனியில் புதைந்தவர்களுக்கு நாய் கழுத்தில் பிராந்திப் பீப்பாயோடு வந்து குடிக்கக் கொடுக்குமாமே, உண்மையா? ராணுவத்திலும் ரம் கொடுப்பது அதற்குத்தானே?
– பாலக்கோடு வாசகர்

நாய் உண்மை, பீப்பாய் ஓவியர் ஒருவரின் கற்பனை. சுவிட்சர்லாந்தின் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் மடத்துத் துறவிகள் வளர்த்த நாய்கள் வழிதவறிய பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. இன்றும் மோப்ப நாய்களுக்கு மாற்று இல்லை. டிரான்ஸீவர் கட்டாதவரைத் தேட அதுதான் வழி. சியாச்சினில் சோனம் போஸ்டிலும் நாய்கள் தேடின.

சாராயம் குடித்தால் சூடாவது போல இருக்கும், அவ்வளவுதான். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விட்டுவிடும். பனியிலிருந்து எடுத்தவரை ஆட்டாமல் படுக்கவைத்து, ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, நினைவு தெளிவாக இருந்து தானே விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கொடுக்க வேண்டும். கோட்டா ரம் என்ற விஷயத்தில் பாலக்கோட்டுக்காரர்களுக்கு உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. அது அடிவாரத்துக்கு இறங்கின பிறகு.